எட்டுச் சுளை

தேனு, கார்த்தி, நீங்கள் இரண்டு பேரும் என் வேலைக்குப் பக்கத்து வேலைக்கே வந்து சேருவீர்கள் என்று நான் எண்ணியதில்லை. தேனு ஸ்கேன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கார்த்தி ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறான். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கார்த்தி சொன்னான், "படிவத்துல கேள்வியெல்லாம் அச்சடிச்சே இருக்குதுப்பா. கேட்டு டிக் அடிக்க வேண்டியதுதான். இதுல என்ன கஷ்டம்?"

உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியும். உங்களுக்கு நான் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். வேலையை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உடம்பில் களைப்பு இறங்கவில்லை. அது ஜீப் ஓட்டிய களைப்பு மட்டும் இல்லை.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் "டிரைவர்" என்று எழுதினீர்கள். அதுவும் சரிதான். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் வீக்கத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடந்தது. மலையில் இருந்து அதற்கு வர ஒப்புக்கொண்டவர்களை ஜீப்பில் கூட்டிப்போவது, படிவம் நிரப்புவது, படம் எடுத்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. டாக்டர்கள் பேசும் தமிழ் மலைக்காரர்களுக்குப் பாதி புரியாது. மலைக்காரர்கள் பேசுவது டாக்டர்களுக்கு முக்கால்வாசி புரியாது. நடுவில் நான். மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் பிறந்தவன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி. அதை நம்பித்தான் என்னை எடுத்தார்கள்.

நோயைப் பற்றி எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இரத்தக் குழாய்க்குச் சுவர் உண்டு. அந்தச் சுவருக்கு உயிர் உண்டு. உடம்பைக் காக்க ஓடிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலருக்கு அந்தச் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, அதையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். சுவர் தடிக்கும், உள்ளே வழி குறுகும். கையில் நாடி பிடித்தால் கிடைக்காது. பெரும்பாலும் இளவயதுப் பெண்களுக்கு வருகிறது. கழுத்துக்குப் போகும் குழாயையோ, இருதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய குழாயையோ அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் படம்.

சண்டை போடும் அணுவுக்குப் பசி அதிகம். சர்க்கரை கேட்கும். அந்தச் சர்க்கரையோடு கொஞ்சம் கதிர்வீச்சுப் பொருளைச் சேர்த்து ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைத்து, பெட் ஸ்கேன் எடுத்தால், அணுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும். மருந்துக்கு அவை அடங்கினவா இல்லையா என்பதும் தெரியும்.

இதை ஊர் ஊராகப் போய் நான் சொல்ல வேண்டும். ஒரு தடவை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க மாணிக்கம், ஊசியிலயே சக்கரை ஏத்துவீங்களா?" என்றார்.

"ஆமாங்க பெரியப்பா. கொஞ்சூண்டு."

"சக்கரை வியாதிக்காரனை உண்டாக்கிப்போட்டு, அப்புறம் அதுக்கொரு ஆராய்ச்சி வைப்பீங்க. கெட்டிக்காரங்கதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு திமிர் வந்தது. இவர்களுக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்று எனக்குத்தான் தெரியும் என்ற திமிர். அச்சடித்த தாளை ஓரமாக வைத்துவிட்டு என் வாய்க்கு வந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தேன்.

தாளில் இருந்தது இதுதான்: பரிசோதனைக்கு முந்தைய இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர எதையும் உட்கொள்ளக் கூடாது. ஏனென்றால், வயிற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் உடம்பு சர்க்கரையையெல்லாம் தசைக்கும் இருதயத்துக்கும் இழுத்துக் கொடுத்துவிடும். குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருப்பவை பளிச்சென்று தெரியாமல் போகும். நோய் இருந்தாலும் படம் நல்லபடியாகத் தெரியலாம். "உட்கொள்ளக் கூடாது" என்று மலையில் யார் பேசுகிறார்கள்? நான் இப்படிச் சொன்னேன்: "ராத்திரிச் சோத்துக்கு அப்புறம் சாப்பிடக் கூடாதுங்க. தண்ணி குடிச்சுக்கலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது பூங்கொடியைப் பற்றிச் சொல்கிறேன். அது அவள் உண்மைப் பெயர் இல்லை.

அவளுக்கு இருபத்தாறு வயது. செம்மேட்டில் இருந்து உள்ளே தள்ளி, ஜீப் போகாத ஒரு ஊர். கணவன் துரை, மிளகும் மரவள்ளியும் போடுகிறவன். இடது கையில் நாடி இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது செம்மேட்டில் ஒரு நர்ஸம்மா. முதல் படம் எடுத்தபோது கழுத்தின் இரண்டு பக்கமும், தோளுக்குக் கீழேயும் குழாய்கள் தீப்பிடித்த மாதிரி தெரிந்தன. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் தவறாமல் போட்டாள். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. இப்போது கரு தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது படத்தில் குழாய்கள் அமைதியாக இருந்தால் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரலாம், அதன்பிறகு குழந்தை பற்றி யோசிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது படத்துக்குத்தான் ஆனி மாதத்தில் ஒருநாள் காலை அவளைக் கூட்டிப்போனேன்.

ஜீப் நிற்கும் இடத்துக்கு மேட்டில் ஏறி வந்தாள். தலையில் முழுப் பலாப்பழம் ஒன்று. மூச்சு வாங்கியது.

"எதுக்குச் சாமி இத்தனை கனத்தைத் தூக்கிட்டு வர்றே?"

"டாக்டரம்மாவுக்குங்கண்ணா. போன தடவ வெறுங்கையோட போனேன். எங்க ஊட்டு மரத்துக் காயி, தேனாட்டம் இருக்கும்."

"துரை வரலியா?"

"அவரு வந்தா மெசினுக்குள்ள என்னைய அனுப்பிப்போட்டு வெளியில அவரு அழுவாருங்க. வேண்டாம்னுட்டேன்."

பழத்தை நான்தான் இறக்கி ஜீப்பின் பின்னால் வைத்தேன். படிவத்தை எடுத்துக் கேட்டேன், "சாப்பிட்டியா கண்ணு?"

"இல்லீங்கண்ணா."

டிக் அடித்தேன். வழி முழுவதும் வண்டிக்குள் பலா வாசம். மூக்குக்குத் தெரிந்தது, மூளைக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் மலைக்காரர்களும் வாந்தி எடுப்பார்கள். முதல் தடவை இவள் நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னவள். அன்றைக்கு ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சிறு வயது உடம்பு, சரியாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள், படுக்கவைத்தார்கள், படம் எடுத்தார்கள். படம் பார்க்கும் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த அம்மாவிடம் கற்றது. பெயர் போட வேண்டாம் என்பார், போடவில்லை. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பொய்யாக ஆறுதலும் சொல்ல மாட்டார். அவர் மேஜைக்குக் கீழே பூங்கொடியின் பலாப்பழம் சணல் சாக்கில் சாய்ந்து கிடந்தது.

"மாணிக்கம், குழாயெல்லாம் அமைதியா இருக்கு. ஆனா பாருங்க, தசையெல்லாம் இப்படிப் பளிச்சுன்னு இருக்கு. இருதயமும் நிறைய எடுத்திருக்கு. இவங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்கம்மா. நானே கேட்டுட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்கம்மா."

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். "மேடு ஏறி நடக்கிற உடம்பு, அதனாலயும் இருக்கலாம்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. குழாய்கள் அமைதி என்றே எழுதிவிட்டார். அன்று பிற்பகல், அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பூங்கொடியைக் கூப்பிட்டு, மாத்திரையை அன்றைக்கே குறைத்துக்கொடுத்தார். அவள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

திரும்பும்போது மலையேறி வந்து, சோளக்காடு என்கிற ஊரில் டீக்கு நிறுத்தினேன். ரோட்டோரம் பலாவும் அன்னாசியுமாகக் குவிந்து கிடந்தன. அவள் ஒரு கடையைக் காட்டிச் சிரித்தாள்.

"இதெல்லாம் ஒரு பழமாங்கண்ணா? எங்க ஊட்டுப் பழம் காத்தால எட்டுச் சுளை தின்னுட்டுத்தான் கெளம்புனேன். அதான் வளைவுல ஒமட்டவே இல்லை."

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. கீழே வைக்க இடம் தெரியவில்லை.

"சாப்பிடலைன்னு சொன்னியே கண்ணு."

"சாப்பிடலைங்களே!" அவளுக்கு ஆச்சரியம். "பழந்தானுங்க தின்னேன். சோறு ஒரு பருக்கை தொடலை. நீங்க சொன்னதை நான் மீறுவனா?"

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் மலையில் சாப்பிடுவது என்றால் சோறு, களி. பழத்தைத் தின்போம், தேனை நக்குவோம், காப்பியைக் குடிப்போம். அதை ஒருவரும் சாப்பாட்டில் சேர்க்க மாட்டார்கள். நான் அங்கேயே பிறந்தவன், நானும் அப்படித்தான் பேசுகிறேன். வெளியூர்க்காரன் ஒருவன் அந்தத் தாளை எழுத்துக் கூட்டி அப்படியே வாசித்திருந்தால் அவள் "எதையும்னா பழமுமுங்களா?" என்று கேட்டிருப்பாள். எனக்கு ஊர்ப் பேச்சு தெரிந்ததால் வந்த தப்பு இது.

அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. ஜீப் போகாத அவள் ஊர்ப் பாதை தொடங்கும் இடத்தில் அவளை இறக்கிவிட்டேன். துரை அங்கே காத்து நின்றான். அவள் ஓடிப்போய் மாத்திரைச் சீட்டைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன். இதை நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்தான். எட்டுச் சுளையில் என்ன ஆகிவிடும். விரலில் குத்திப் பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது. டாக்டரம்மா பார்க்காததையா நான் பார்த்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தவா செய்தார்கள், குறைத்துத்தானே இருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு வருடம் கழித்துச் சிரிக்கிறாள், அதைப் போய் நான் கெடுப்பதா. இவ்வளவையும் அடுக்கிவிட்டு அடியில் தோண்டிப் பார்த்தால் ஒன்றுதான் கிடந்தது. "நானே கேட்டுட்டேன்" என்று சொன்னவன் நான். என் வேலை வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். தேனு அப்போது ஏழாவது, கார்த்தி ஐந்தாவது.

ஒன்பதாம் நாள் செம்மேட்டில் சந்தை. பூங்கொடியும் துரையும் வந்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, பாருங்க" என்றான் துரை. "மூஞ்சி வத்திட்டே வருது. இன்னும் ஒரு மாசத்துல யாரோ பொம்பளைன்னு நெனச்சு ஊட்டுக்குள்ள விடமாட்டேன்."

"ஒண்ணும் வத்தலை, இவரா சொல்றாரு" என்றாள் அவள். "இவரு மூஞ்சி அப்படியேதான் இருக்குது, அதுக்கு மாத்திரை கேட்டு வாங்கியாங்கண்ணா."

சிரித்துக்கொண்டே தலையில் இருந்த கூடையை இறக்கினாள். இறக்கியதும் இடது கையை மடித்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"கைக்கு என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க. நாலு நாளாத் தலை சீவறதுக்குள்ள ஓஞ்சு போவுது. நடுவுல எறக்கி எறக்கிச் சீவறேன். பழம் அறுத்த அசதியா இருக்கும்."

தலை வாரும்போது கை ஓய்ந்துபோகிறதா என்பது எங்கள் படிவத்தில் நாலாவது கேள்வி. குழாய் குறுகினால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வாங்கின காய்கறியைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, நின்றிருந்த பஸ்ஸில் ஏறிக் கீழே போனேன்.

டாக்டரம்மா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். எட்டுச் சுளை, மேடு ஏறி வந்தது, நான் கேட்ட கேள்வி, சோளக்காட்டில் அவள் சொன்னது, கை ஓய்வது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்குச் சாயந்தரமேங்கம்மா."

"இன்னைக்கு எத்தனை நாள்?"

"ஒம்போது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. படத்தைத் திரையில் எடுத்தார். தசைகளை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இது எனக்கு அன்னைக்கே உறுத்துச்சு மாணிக்கம். உறுத்துனதாலதான் கேட்டேன். நீங்க இல்லைன்னதும் உறுத்தலை நானே தூக்கி ஓரமா வச்சுட்டேன். ஒரு நிமிஷம் வெளியில போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாம். பழத்தை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டேன்."

"தப்பு என்னுதுங்கம்மா."

"உங்களுதும்தான்" என்றார். அதோடு போனை எடுத்தார். வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் பேசினார். மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றச் சொல்லிச் சீட்டு வந்தது. பத்து நாளில் மறுபடி படம் என்று முடிவானது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "நடந்ததை உங்க கையெழுத்துலயே எழுதிக் கொடுங்க. ஒம்போது நாளையும் சேர்த்து. இதை நான் மேல அனுப்பணும். வேலைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நான் காப்பாத்தறேன்னு சொல்ல மாட்டேன்."

எழுதினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதிய நீளமான எழுத்து அதுதான்.

மறுநாள் அந்தச் சீட்டோடு பூங்கொடி வீட்டுக்கு நடந்தே போனேன். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். துரை கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை முறத்தை அப்படியே பிடித்திருந்தாள்.

"அப்ப அந்தப் படம் பொய்யிங்களா?"

"பொய்யின்னு இல்லை கண்ணு. அதை நம்ப முடியாது. மறுபடி எடுத்தாத்தான் தெரியும்."

"சாப்பிட்டியான்னு நீங்கதான் கேட்டீங்க. நான் உள்ளதைத்தான் சொன்னேன்."

"ஆமாஞ் சாமி. உன் மேல தப்பே இல்லை."

"அன்னைக்குச் சோளக்காட்டுலயே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. மூஞ்சி மாறுச்சு, பார்த்தேன். டீ சுட்டுருச்சுன்னு நெனச்சேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "ஊரு முழுக்கச் சொல்லிப்போட்டேனுங்க. எங்கம்மாளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. எங்கம்மாளைப் பெத்த அம்மாயி கோயிலுக்கு நேந்துக்கிட்டுப் போயிருக்குது. இப்ப அவங்க கிட்ட என்னன்னு சொல்ல? எட்டுச் சுளை தின்னேன், அதனால புள்ளை இல்லைன்னு சொல்லட்டுங்களா?"

துரை கயிற்றைக் கீழே போட்டான். என்னை அடிக்க வருகிறான் என்றே நினைத்தேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்றான். அந்தத் தண்ணீரைக் குடிப்பது எனக்கு அடியை விடக் கஷ்டமாக இருந்தது.

வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பத்தாம் நாள் காலையில், மேடு ஏறினாலும் தசை வெளிச்சமாகும் என்று நான் முந்தின நாளே சொல்லிவைத்தபடி, துரை அவளை நடக்கவிடாமல் சொந்தக்காரன் பைக்கில் ஏற்றி ஜீப் வரைக்கும் கொண்டுவந்தான். அவனும் கூட வந்தான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்னால் சொன்னாள். "ராத்திரி ஏழு மணிக்குக் களி. அதுக்கப்புறம் பச்சைத்தண்ணி. பழமில்லை, காப்பியில்லை, தேனில்லை. எச்சியை முழுங்கலாமுங்களா, இல்லை அதையும் துப்பணுமா?"

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன், கடைசிக் கேள்வியைத் தவிர. வளைவு வளைவாக வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வண்டியை நிறுத்தினேன், துரை தலையைப் பிடித்துக்கொண்டான்.

படம் வந்தது. தசைகள் இருட்டாக இருந்தன. கழுத்தின் இரண்டு பக்கமும், இடது தோளுக்குக் கீழேயும் குழாய்ச் சுவர் வெளிச்சமாகத் தெரிந்தது. முதல் படத்தில் இருந்த அளவு இல்லை. ஆனால் இருந்தது. அணுக்கள் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் உட்கார்ந்திருந்தன.

மாத்திரையோடு இன்னொரு மருந்தும் சேர்த்தார்கள். அந்த மருந்து போடும் காலத்தில் பிள்ளை தரிக்கவே கூடாது. இதை டாக்டரம்மா தானே வெளியே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். பூங்கொடி கேட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஒன்பது நாளில் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்வார் என்று மனதுக்குள் எதிர்பார்த்தேன். "தெரியாது மாணிக்கம்" என்றார். "ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." பூங்கொடிக்கு இடது கையைத் தோளுக்கு மேலே கொஞ்ச நேரம்கூட வைத்திருக்க முடியாது. அது முன்னாலேயே அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்ததா, அந்த ஒன்பது நாளிலா, எனக்குத் தெரியாது. அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். அது அவள் வீட்டுச் சங்கதி. நான் எழுதக் கூடாது.

என்னை மூன்று மாதம் வேலையில் இருந்து நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதம் அப்பா ஏன் மிளகு பறிக்கப் போனார் என்று நீங்கள் கேட்டதற்கு, ஜீப் ரிப்பேர் என்று சொன்னேன். அதுவும் பொய். திரும்ப எடுத்தபோது படிவத்தை மாற்ற என்னையும் உட்காரவைத்தார்கள். "சாப்பிட்டீங்களா" என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். "நேத்து ராத்திரியில இருந்து வாய்க்குள்ள என்னென்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று வைத்தோம். டிக் அடிக்கும் கட்டம் கிடையாது. அவர்கள் சொல்வதை எழுத வேண்டும். வெற்றிலையில் இருந்து இருமலுக்குச் சப்பிய மிட்டாய் வரைக்கும் வந்து விழுந்தது. கார்த்தி, நீ இன்றைக்கு நிரப்பும் படிவம் வேறு ஊருடையது. அங்கே ஜனங்கள் எதைச் சாப்பாடு என்கிறார்கள், எதை இல்லை என்கிறார்கள் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். தேனு, படத்தில் ஏதாவது உறுத்தினால், வெளியே எட்டுப் பேர் காத்திருந்தாலும் எழுந்து போய் அந்த ஆளையே கேள். இடையில் இருக்கிறவன் சொன்னதை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதே. இடையில் இருக்கிறவன் உன் அண்ணனோ தம்பியோ அப்பாவோ யாராக இருந்தாலும் சரி.

இன்னும் ஒன்று இருக்கிறது.

வேலையில் திரும்பச் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்கு, அப்புச்சியைப் பார்க்கப் போயிருந்தாள். அத்தனை பேரைப் பட்டினியாக வரச்சொன்னவன், நான் ஒரு தடவைகூட அப்படி இருந்து பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முந்தின இரவு ஏழு மணிக்குக் களி தின்றேன். காலையில் எழுந்து தண்ணீர் மட்டும் குடித்தேன். சட்டைப் பையில் புதுப் படிவம் ஒன்றையும் பேனாவையும் வைத்துக்கொண்டேன். பூங்கொடி ஊரில் இருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டைப் போலவே எங்கள் பக்கத்திலும் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறிப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

வயிறு இழுத்தது. காது அடைத்தது. ஆனால் முடியாதது இல்லை. இதில் என்ன இருக்கிறது, மனதைக் கட்டினால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். பாதி மேட்டில் மூச்சு வாங்க ஒரு பாறையில் கையை ஊன்றப் போனேன். ஊன்ற முடியவில்லை. கையில் கொய்யாப்பழம் இருந்தது. பாதிப் பழம். பாதையோரத்து மரத்தில் எப்போது பறித்தேன், எப்போது கடித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மீதிப் பாதி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாறையிலேயே உட்கார்ந்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. படிவத்தை முழங்காலில் விரித்து, பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: "காலை எட்டே முக்கால். கொய்யா. பாதி."